ஓட்னர் கணக்குப் பெட்டியும் அடியில் ஒட்டிய சீட்டும்: தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

#1 தேக்காவாசி

வணக்கம். சிங்கப்பூர் தோ பாயோவில் பெரியப்பா வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறோம். அலமாரியின் அடித்தட்டில் கறுப்பு இரும்புப் பெட்டி ஒன்று கிடைத்தது. நல்ல கனம். முன்பக்கம் வரிசையாகப் பிளவுகள். ஒவ்வொரு பிளவிலும் ஒரு சின்ன நெம்பு, பக்கத்திலேயே 0 முதல் 9 வரை எண்கள். வலப்பக்கம் ஒரு கைப்பிடி. கீழே இடமும் வலமும் நகரும் வண்டி, அதில் எண் தெரியும் சன்னல்கள். 'ஒரிஜினல் ஓட்னர்' என்று பெயர், சுவீடன் தயாரிப்பு.

பெரியப்பா ராபின்சன் ரோடு பக்கம் ஒரு கப்பல் ஏஜென்டு ஆபீஸில் கிராணியாக (குமாஸ்தாவாக) இருந்தவர். இது கணக்குப் போடும் இயந்திரம் என்பது வரைக்கும் புரிகிறது. எப்படிப் போடுவது? மணிச்சட்டம் வைத்தே எல்லாக் கடையும் நடந்த ஊரில் இதை யார், எதற்கு வாங்கினார்கள்?

இன்னொன்று. அடியில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கிறது. அதில் 85714286 என்று எழுதி ஒரு கோடு போட்டு அடித்து, அதன் கீழே வேறு மையில் 73469 என்று எழுதியிருக்கிறது. என் தம்பி இது நாலு நம்பர் லாட்டரி என்று சாதிக்கிறான். எட்டு இலக்கத்தில் நாலு நம்பர் ஏதுடா என்று கேட்டால் பதில் இல்லை.

#2 பல்சக்கரம்

முதலில் ஒன்று. கைப்பிடி எங்காவது மாட்டிக்கொண்டால் பலம் போட்டு இழுக்காதீர்கள். வண்டி சரியான இடத்தில் உட்காமல் இருந்தாலோ, முன்பு யாரோ பாதிச் சுற்றில் விட்டிருந்தாலோ அது தானாகப் பூட்டிக்கொள்ளும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள்.

உள்ளே ஒவ்வொரு நெம்புக்கும் ஒரு வட்டத்தகடு உண்டு. தகட்டின் விளிம்பில் உள்ளே இழுத்துக்கொள்ளக்கூடிய ஒன்பது பற்கள். நெம்பை 7-இல் வைத்தால் ஏழு பற்கள் வெளியே நீளும், மற்ற இரண்டும் உள்ளேயே இருக்கும். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் அந்த ஏழு பற்களும் கீழே உள்ள எண் சக்கரத்தை ஏழு படி தள்ளும். அவ்வளவுதான் கூட்டல். எதிர்ப்பக்கம் சுற்றினால் கழித்தல்.

பெருக்கிப் பாருங்கள். 347-ஐ 26-ஆல் பெருக்க வேண்டும். நெம்புகளில் 347 வையுங்கள். ஆறு சுற்று. வண்டியை ஓரிடம் வலப்பக்கம் தள்ளுங்கள். இரண்டு சுற்று. கீழ்ச் சன்னலில் 9022 வரும், இன்னொரு சிறிய சன்னலில் 26 நிற்கும். மொத்தம் எட்டுச் சுற்றுதான்.

வகுத்தலும் இதே வழி, திருப்பிச் சுற்ற வேண்டும். பெரிய எண்ணிலிருந்து வகுக்கும் எண்ணைக் கழித்துக்கொண்டே போங்கள். ஒரு தடவை அதிகமாகக் கழித்துவிட்டால் மணி அடிக்கும். முன்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றி அதைச் சரி செய்துவிட்டு, வண்டியை நகர்த்தித் தொடர வேண்டியதுதான்.

வில்காட் ஓட்னர் சுவீடன்காரர், ஆனால் இதைச் செய்தது ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில். அங்கே லுட்விக் நோபல் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, பழுதான பிரெஞ்சுக் கணக்கு இயந்திரம் ஒன்று அவர் கைக்கு வந்தது. இதையே எளிதாகச் செய்யலாமே என்று தோன்றி 1870-களில் முதல் மாதிரியைச் செய்தார். 1890-இல் பெரிய அளவில் தயாரிப்பு தொடங்கியது. 1892-இல் ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் நகர நிறுவனம் ஒன்று உரிமை வாங்கி 'பிரன்ஸ்விகா' என்று விற்றது. 1917 புரட்சிக்குப் பிறகு ஓட்னர் குடும்பம் சுவீடனின் கோதன்பர்க் போய் 'ஒரிஜினல்' என்ற அடைமொழியோடு மறுபடி தொடங்கியது. சோவியத்தில் அதே அமைப்பு 'ஃபெலிக்ஸ்' ஆனது. ஜப்பானில் 1923-இல் 'டைகர்' வந்தது, அதுவும் இந்த வகைதான். உங்கள் பெட்டிக்கு உலகம் முழுக்கச் சொந்தக்காரர்கள்.

சீட்டு எண் பற்றித் தெரியவில்லை. பாகத்தின் வரிசை எண் மாதிரியும் இல்லை.

#3 கிட்டங்கிப் பேரன்

தகவலுக்கு நன்றி பல்சக்கரம் அண்ணே. ஆனால் தேக்காவாசி கேட்ட இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன்: நம் ஆட்களுக்கு இது தேவையே இல்லை.

எங்கள் தாத்தா மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கியில் (செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய இடம்) பெட்டியடிப் பையனாக வந்து, அடுத்தாள், மேலாள் என்று ஏறியவர். ஊரில் எண்சுவடி மனப்பாடம். கால், அரைக்கால், மா, காணி, முந்திரி என்று 320-இல் ஒரு பங்கு வரைக்கும் வாயிலேயே பெருக்குவார்கள். நடப்பு வட்டிக்கு நாள் கணக்குப் பார்த்து வட்டி சொல்ல, பேரேட்டைத் திறந்தபடியே பதில் வரும். ஐந்தொகை எடுக்கும்போது ஒரு காசு உதைத்தால் இரவு முழுக்கத் தேடுவார்கள், ஆனால் இயந்திரத்தைத் தேட மாட்டார்கள்.

ஐரோப்பியருக்கு வாய்ப்பாடு வராததால் இரும்பில் சக்கரம் செய்தார்கள். இதுதான் என் கருத்து.

#4 பூன் லே வாசி

கிட்டங்கிப் பேரன் சொல்வதில் பாதி சரி. மணிச்சட்டத்துக்கும் இயந்திரத்துக்கும் நேருக்கு நேர் போட்டியே நடந்திருக்கிறது. 1946 நவம்பர் 12, டோக்கியோ எர்னி பைல் அரங்கம். அமெரிக்க ராணுவப் பத்திரிகையின் ஏற்பாடு. ஒரு பக்கம் ஜப்பானிய அஞ்சல் துறை ஊழியர் மட்சுசாகி, கையில் சொரோபான், அதாவது ஜப்பானிய மணிச்சட்டம். மறுபக்கம் அமெரிக்கப் படைவீரர் தாமஸ் வுட், முன்னால் மின்சாரத்தில் ஓடும் கணக்கு இயந்திரம். முடிவு 4-1. சொரோபானுக்குத்தான் வெற்றி.

சிராங்கூன் ரோட்டில் மளிகைக்கடைச் சீனத் தாத்தா மணிச்சட்டத்தைத் தட்டும் வேகத்தைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமே இல்லை.

#5 பல்சக்கரம்

அந்த 4-1-இல் இயந்திரம் ஜெயித்த அந்த ஒன்று எது என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! பெருக்கல். கப்பல் ஆபீஸில் நாள் முழுக்க நடப்பது அதுதான்: எடை பெருக்கல் கட்டணம், கட்டணம் பெருக்கல் நாணய விகிதம்.

இன்னொன்று, மட்சுசாகி யார்? தன் துறையில் மிகத் திறமையானவர். வுட்டும் இயந்திரம் ஓட்டுவதில் தேர்ந்தவர்தான், ஆனால் அந்தத் தேர்ச்சி வர எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். கிட்டங்கியில் மேலாள் ஆக எத்தனை வருஷம் ஆகும்? ஓட்னர் சுற்ற ஒரு மத்தியானம் போதும். முதலாளிகள் வாங்கியது வேகத்தை இல்லை, சுலபமாக ஆள் மாற்றும் வசதியை.

#6 ஜூரோங் டீச்சர்

இந்தச் சண்டை நன்றாகப் போகிறது, ஆனால் 'ஐரோப்பியருக்கு வாய்ப்பாடு வராததால்' என்பதை விட முடியாது. அவர்களைத் திணறடித்தது வாய்ப்பாடு இல்லை. 9-க்கு மேல் போகும்போது அடுத்த இடத்துக்கு 1 ஏற்றுவது. நம் பிள்ளைகள் 'கையில் 1' என்று விரலை மடக்குகிறார்களே, அதை இரும்புக்குச் சொல்லிக்கொடுக்க இருநூறு வருஷம் ஆயிற்று. கணக்கு இயந்திர வரலாற்றில் பெரும்பகுதி இந்த ஒரு சிக்கல்தான்.

பாஸ்கலை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா பிரான்சில் ரூவான் நகரில் வரி அதிகாரி. இரவெல்லாம் கூட்டல். மகன் 1642-இல், 19 வயதில், இதற்கு ஓர் இயந்திரம் செய்யத் தொடங்கினான். ஏறக்குறைய ஐம்பது மாதிரிகள் செய்து பார்த்தார். சக்கரம் சுற்றுவது எளிது. ஆனால் 999999 நிற்கும்போது 1 கூட்டினால் ஆறு சக்கரமும் ஒரே நேரத்தில் நகர வேண்டும். அத்தனைக்கும் தேவையான பலம் கடைசிச் சக்கரத்தின் ஒரே பல் மீது விழும். அப்போதைய பற்சக்கரங்கள் கையால் அரம் போட்டுச் செய்தவை, உராய்வு அதிகம். ஒன்று இறுகும், அல்லது பல் ஒடியும்.

பாஸ்கலின் வழி அழகானது. ஒவ்வொரு சக்கரமும் 0-இலிருந்து 9 வரை நகரும்போது, பக்கத்தில் எடை கட்டிய ஒரு சிறு கையைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்கிக்கொண்டே போகும். 9-இலிருந்து 0-க்கு வரும் நொடியில் அந்தக் கை விடுபட்டு விழும். விழும் வேகத்தில் அடுத்த சக்கரத்தை ஒரு படி தள்ளும். பலம் முன்கூட்டியே சேமித்து வைக்கப்பட்டது, ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாக. அதனால் 999999 + 1 போட்டால் கைகள் ஒன்றன்பின் ஒன்றாக விழும், யாரும் யாருக்கும் பாரம் இல்லை.

இதற்கு ஒரு விலை உண்டு. சக்கரம் ஒரு பக்கம்தான் சுற்றும், பின்னால் போகாது. அப்புறம் எப்படிக் கழிப்பது? 9-இலிருந்து குறைத்து எழுதும் முறை. 734 − 258 வேண்டும். 734-இன் ஒவ்வோர் இலக்கத்தையும் 9-இலிருந்து கழித்தால் 265. அதோடு 258-ஐக் கூட்டினால் 523. மறுபடி ஒவ்வோர் இலக்கத்தையும் 9-இலிருந்து கழித்தால் 476. விடை அதுதான். கூட்டல் மட்டும் தெரிந்த இயந்திரம் கழித்துவிட்டது. என் வகுப்பில் இதைப் போட்டுக் காட்டினால் பிள்ளைகள் ஏதோ தந்திரம் என்று சந்தேகப்படுவார்கள். பி.எஸ்.எல்.இ. (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) கணக்குத் தேர்வின் இரண்டாம் தாளில் 2009 முதல் கால்குலேட்டர் அனுமதி, அதனால் இந்த மாதிரி விஷயங்களுக்கு வகுப்பில் நேரம் கிடைப்பதில்லை என்பது என் தனிப்பட்ட புலம்பல்.

#7 சுவடிப்பிரியன்

டீச்சர், பாஸ்கல் முதல் ஆள் இல்லையே? ஜெர்மனியின் டூபிங்கனில் வில்ஹெல்ம் ஷிக்கார்ட் 1623-லேயே செய்துவிட்டார். வானியலாளர் கெப்ளருக்கு எழுதிய கடிதங்களில் படமே இருக்கிறது. பாஸ்கல் பிறந்த வருஷம் அது!

#8 ஜூரோங் டீச்சர்

இருக்கிறது, மறுக்கவில்லை. கெப்ளருக்காகச் செய்துகொண்டிருந்த இயந்திரம் 1624-இல் தீயில் போயிற்று. ஷிக்கார்ட் 1635-இல் கொள்ளைநோயில் இறந்தார். கடிதங்களும் படங்களும் 20-ஆம் நூற்றாண்டில்தான் கண்ணில் பட்டன, 1960-இல் ஒரு பேராசிரியர் மறுபடி செய்து ஓட்டிக் காட்டினார். ஆறு இலக்கம், தாண்டினால் மணி அடிக்கும். ஆனால் ஏற்றத்துக்கு ஒற்றைப் பல் சக்கரம்தான், அதாவது நான் மேலே சொன்ன அதே பாரம். அதிக இலக்கங்களுக்கு நீட்டியிருந்தால் திணறியிருக்கும்.

யார் முதலில் என்பதில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. பின்னால் வந்த யாரும் ஷிக்கார்டைப் பார்த்துச் செய்யவில்லை, அவர் ஒரு தனி மரம். பாஸ்கலைப் பார்த்துத்தான் ஜெர்மானியக் கணித அறிஞர் லைப்னிட்ஸ் தொடங்கினார்.

லைப்னிட்ஸ் கொண்டுவந்தது உருளை. அதன் மேல் ஒன்பது பற்கள், ஒவ்வொன்றும் முந்தையதைவிட நீளம். பக்கத்துச் சக்கரத்தை உருளை நெடுக நகர்த்தி எங்கே வைக்கிறோமோ அதற்கேற்ப அத்தனை பற்கள் மாட்டும். 1673-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் காட்டினார். பெருக்கலுக்கு வண்டியை நகர்த்துவதும் அவர் யோசனைதான், தேக்காவாசி பெட்டியில் இருக்கும் வண்டியின் பாட்டன். ஆனால் ஏற்றத்தில் அவரும் முழுதாக ஜெயிக்கவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றம் தொடர்ந்தால் இயக்குபவர் கையால் தள்ளிவிட வேண்டியிருந்தது. அந்த இயந்திரம் காட்டிங்கன் பல்கலைக்கழகப் பரணில் கிடந்து 1879-இல் கூரை ஒழுகுவதைச் சரிபார்க்கப் போனவர்கள் கண்ணில் பட்டது.

#9 தேக்காவாசி

347-ஐ 26-ஆல் பெருக்கினேன். 9022 வந்தது! வீட்டில் எல்லாரும் ஆளுக்கொரு முறை சுற்றியாயிற்று. பாபேஜைப் பற்றி யாரும் பேசவில்லையே? பள்ளியில் அவர்தான் கணினியின் தந்தை என்று படித்தோம்.

#10 பல்சக்கரம்

பாபேஜ் வேறு பாதை. அவர் கேட்டது ஆபீஸ் கணக்கு இல்லை, அட்டவணை அச்சிடும் இயந்திரம். பிரிட்டிஷ் அரசு 17,000 பவுண்டுக்கு மேல் செலவழித்து 1842-இல் கைகழுவியது. அவருடைய இரண்டாவது வடிவமைப்பை லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 1991-இல் செய்து ஓட்டிக் காட்டியது, சரியாக வேலை செய்தது. ஆனால் எந்தக் கிராணியின் மேசைக்கும் அது வரவில்லை.

மேசைக்கு வந்தது தாமஸ் தெ கொல்மாரின் 'அரித்மாமீட்டர்'. லைப்னிட்ஸ் உருளைதான் உள்ளே. 1820-இல் காப்புரிமை, 1851-இலிருந்து வியாபாரம். மனிதர் காப்பீட்டு நிறுவனம் நடத்தியவர், அதனால் பெருக்கல் எங்கே வலிக்கிறது என்று தெரியும். பீட்டர்ஸ்பர்க்கில் ஓட்னர் பழுது பார்த்த பிரெஞ்சு இயந்திரம் இந்த வகைதான்.

தேக்காவாசி, டீச்சர் சொன்ன ஏற்றத்தை உங்கள் பெட்டியிலேயே பார்க்கலாம். எல்லாவற்றையும் 0 ஆக்குங்கள். கடைசி நெம்பில் 1 வைத்துக் கைப்பிடியைப் பின்பக்கம் ஒரு சுற்று. மணி அடிக்கும், சன்னல்களில் 9-களாக நிற்கும். இப்போது முன்பக்கம் ஒரு சுற்று, மெதுவாக. வலமிருந்து இடமாக 9-கள் ஒவ்வொன்றாக 0-க்கு மாறுவது தெரியும். ஏற்றத்துக்கான பற்களை ஒவ்வொரு தகட்டிலும் கொஞ்சம் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறார்கள், அதனால் ஒரே சுற்றில் வரிசையாக நடக்கும். பாஸ்கல் எடையை வைத்துச் செய்ததை ஓட்னர் நேர இடைவெளியில் செய்துவிட்டார்.

#11 கிட்டங்கிப் பேரன்

டீச்சர் விளக்கம் அருமை, ஆனாலும் விடமாட்டேன். பாஸ்கல் பெட்டியில் எல்லாச் சக்கரமும் பத்துப் பத்து இல்லை என்று படித்திருக்கிறேன். பிரெஞ்சுக் காசில் 12 தெனியே ஒரு சோல், 20 சோல் ஒரு லீவ்ர். அதற்குத் தனிச் சக்கரம். ஊரில் 12 தம்பிடி ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய். அங்கே அனுப்பும் பணத்தை இங்கே வெள்ளியில் (டாலரில்) எழுதி, ரூபாய் அணா தம்பிடியில் தாத்தா வாய்க்கணக்காக மாற்றுவார். ஓட்னரில் அணா எங்கே இருக்கிறது?

#12 பல்சக்கரம்

அணாவுக்கென்றே சக்கரம் வைத்த கூட்டல் இயந்திரங்கள் இந்தியாவுக்காகச் செய்தார்கள், 1957-இல் நயா பைசா வந்ததும் அவை கிடப்பில் போயின. ஷில்லிங் பென்ஸுக்கும் தனி மாடல்கள் இருந்தன. ஓட்னரில் தசமம் மட்டும்தான்.

நம் ஊரில் அதிர்ஷ்டம், வெள்ளிக்கு 100 காசு. ஆனால் எடையில் மாட்டிக்கொள்வோம். 16 தாயில் ஒரு காத்தி, 100 காத்தி ஒரு பிக்குள். காத்திக்கு மேலே தசமம், கீழே பதினாறு. இதை வகுத்தது யார் என்று தெரிந்தால் ஓட்னர் ஒன்றைக் கொடுத்து உட்காரவைக்கலாம்.

#13 சிராங்கூன் அக்கா

இங்கே ஆண்கள் பேச்சாகவே போகிறது. என் அம்மா ராபிள்ஸ் பிளேஸில் ஒரு வணிக நிறுவனத்தில் கம்ப்டாமீட்டர் ஆப்பரேட்டர். கைப்பிடியே கிடையாது. முழுக்க விசைகள், ஒவ்வொரு இலக்க இடத்துக்கும் 1 முதல் 9 வரை ஒரு நெடுவரிசை. அழுத்தின உடனே கூடிவிடும். 4,286 என்றால் நான்கு விரலில் நான்கு விசையை ஒரே தட்டாகத் தட்டலாம். ஓட்னரில் நெம்பு வைப்பதற்குள் அம்மா அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பார்.

பயிற்சியில் முதலில் சொல்லிக்கொடுத்தது, 5-க்கு மேல் போகாதே என்பது. கை மேலே போனால் நேரம் வீண். 8 வேண்டுமென்றால் 4-ஐ இரண்டு தடவை. கண் பில் மேலேயே இருக்க வேண்டும், விசையைப் பார்க்கக் கூடாது. விசைகளில் பெரிய எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எண் இருக்கும். டீச்சர் சொன்ன 9-இலிருந்து குறைக்கும் கழித்தல் அதுதான். சின்ன எண்ணைப் பார்த்துத் தட்டினால் கழியும். பாஸ்கல் பெயர் அம்மாவுக்குத் தெரியாது, முறை தெரியும்.

டார் ஃபெல்ட் என்ற அமெரிக்கர் 1884 வாக்கில் மக்ரோனி வந்த மரப்பெட்டியில், இறைச்சி குத்தும் குச்சிகளும் ரப்பர் வளையங்களும் வைத்து முதல் மாதிரியைச் செய்தாராம். 1887-இல் காப்புரிமை.

பல்சக்கரம் சொன்ன 'ஒரு மத்தியானம் போதும்' என்பது இதற்குப் பொருந்தாது. அம்மாவுக்கு மாதக்கணக்கில் பயிற்சி. இருந்தும் சம்பளப் பட்டியலில் கீழேதான் இருந்தார்.

#14 பல்சக்கரம்

அக்கா சொல்வது சரி, கம்ப்டாமீட்டர் ஒரு கைத்தொழில். என் வாதம் கைப்பிடி இயந்திரங்களுக்கு மட்டும்.

வங்கிகளுக்குப் பிடித்தது பரோஸ். வில்லியம் பரோஸ் தானே வங்கிக் கிராணியாக இருந்தவர், 1888-இல் காப்புரிமை. அவர் இயந்திரம் ஒவ்வொரு தொகையையும் காகித நாடாவில் அச்சிட்டுக் கடைசியில் மொத்தம் போடும். முதலில் செய்தவை தோல்வி. கைப்பிடியை ஒருவர் வேகமாக இழுத்தால் ஒரு விடை, மெதுவாக இழுத்தால் வேறு விடை. அவற்றைச் சன்னல் வழியே வெளியே எறிந்தார் என்று ஒரு கதை உண்டு. பிறகு எண்ணெய் நிரப்பிய ஓர் உருளையை வைத்தார். யார் எப்படி இழுத்தாலும் உள்ளே ஒரே வேகம்.

கிட்டங்கிப் பேரன், தாத்தா தலைக்குள் போட்ட கணக்கை இன்னொருவர் சரிபார்க்க வேண்டுமென்றால் அவரும் முழுதாகப் போட வேண்டும். நாடா இருந்தால் பில்லோடு ஒப்பிட்டு டிக் போட்டால் போதும். தணிக்கைக்காரர்கள் இதற்கு மயங்கினார்கள்.

#15 கிட்டங்கிப் பேரன்

அதனால்தான் கிட்டங்கியில் குறிப்பு, பேரேடு என்று இரண்டு இடத்தில் எழுதினார்கள் அண்ணே. நாடா இல்லாமலும் தணிக்கை நடந்தது. சரி, நாடாவுக்கு ஒரு மதிப்பெண் தருகிறேன். ஒன்றுதான்.

#16 கடல்கணக்கு

தாமதமாகப் பார்க்கிறேன். சீட்டு விஷயம் யாரும் கண்டுபிடிக்கவில்லையா? கப்பல் ஆபீஸில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த எண் தூக்கத்திலும் தெரியும்.

1906-இல் நீரிணைக் குடியேற்ற (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா) வெள்ளியை 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று நிலைநிறுத்தினார்கள். ஜப்பானியர் காலத்தை விட்டுவிட்டால், மலாயா வெள்ளிக்கும் 1967 வரை அதே விகிதம்தான். 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்றால் 28 பென்ஸ். பவுண்டுக்கு 240 பென்ஸ். 240-ஐ 28-ஆல் வகுத்தால் 8.5714286. அதாவது 7 பவுண்டுக்கு 60 வெள்ளி.

லண்டனிலிருந்து சரக்குக் கட்டணம் பவுண்டில் வரும். கிராணி முதலில் ஷில்லிங் பென்ஸைத் தசமமாக மாற்றுவார், அதற்கு ஓர் அட்டை சுவரில் தொங்கும். 37 பவுண்டு 10 ஷில்லிங் என்றால் 37.5. நெம்புகளில் 85714286 வைத்து 5, 7, 3 என்று மொத்தம் 15 சுற்று. விடை 321.43 வெள்ளி. நெம்பை நாள் முழுக்க மாற்றவே வேண்டாம். அடுத்த பில், அடுத்த பில் என்று சுற்றிக்கொண்டே போகலாம். ஓட்னரின் பெரிய வசதி அதுதான், ஒரே எண்ணால் பலமுறை பெருக்குவது. மணிச்சட்டத்தில் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து.

இப்போது கீழே உள்ள எண். 1967 ஜூன் 12-இல் சிங்கப்பூர் வெள்ளி வந்தது. அதே வருஷம் நவம்பர் 18-இல் பிரிட்டன் பவுண்டின் மதிப்பை 2.80 டாலரிலிருந்து 2.40-க்கு இறக்கியது. புதிய வெள்ளி கூடவே இறங்கவில்லை. 8.5714-ஐ 2.40-ஆல் பெருக்கி 2.80-ஆல் வகுத்துப் பாருங்கள்: 7.3469. பெரியப்பா சீட்டில் அடித்து எழுதியது அதுதான். அதே 37 பவுண்டு 10 ஷில்லிங் இப்போது 275.51 வெள்ளி.

#17 ஜூரோங் டீச்சர்

அற்புதம்! ஆனால் ஒரு குறுக்குக் கேள்வி. 2.40-க்கும் 2.80-க்கும் உள்ள விகிதம் 6/7. அதைத் தசமத்தில் எழுதினால் 0.85714286. அதே இலக்கங்கள்! அந்த நவம்பரில் பழைய மலாயா நோட்டு பவுண்டோடு சேர்ந்து இறங்கி, ஒரு வெள்ளி நோட்டுக்குப் புதிய 85 காசுதான் கிடைத்தது. அப்படியானால் சீட்டில் உள்ளது பழைய நோட்டை மாற்றும் விகிதமாகவும் இருக்கலாம் அல்லவா?

#18 கடல்கணக்கு

கணக்குப்படி இருக்கலாம் டீச்சர். ஓட்னருக்குப் புள்ளி தெரியாது, புள்ளி எங்கே என்பது கிராணியின் தலையில். விளிம்பில் நகர்த்தும் சின்ன அடையாளங்கள் நினைவுக்கு மட்டும்தான்.

ஆனால் நோட்டு மாற்றத்துக்கு 85 காசு என்று அறிவித்துவிட்டார்கள், எட்டு இலக்கம் தேவையில்லை. மேலும் அடித்துவிட்டுக் கீழே 73469 என்று எழுதியிருப்பது விகிதம் மாறியதைக் காட்டுகிறது. பழையதற்கு எட்டு இலக்கம், புதியதற்கு ஐந்து. ஏதோ அவசரம், அல்லது புதிய விகிதம் நிலைக்கும் என்று அவர் நம்பவில்லை. 1972-இல் பவுண்டு மிதக்கத் தொடங்கிய பிறகு சீட்டு ஒட்டுவதில் அர்த்தமே இல்லை, விகிதம் நாளுக்கு நாள் மாறும்.

#19 தேக்காவாசி

கடல்கணக்கு ஐயா, கும்பிடுகிறேன். 37.5-ஐச் சுற்றிப் பார்த்தேன், சன்னலில் 32142857250 வந்தது. தம்பியிடம் லாட்டரி இல்லை என்று சொல்லியாயிற்று. அவன் இன்னும் 3469-ஐ வாங்கிப் பார்க்கலாம் என்கிறான்.

#20 பீஷான் பொறியாளர்

யாரும் கர்ட்டாவைச் சொல்லவில்லையே. உள்ளங்கையில் பிடிக்கும் உருளை, மேலே குட்டிக் கைப்பிடி. மிளகு அரைக்கும் குடுவை என்றே செல்லப்பெயர். கர்ட் ஹெர்ட்ஸ்டார்க் வியன்னாக்காரர், அப்பா யூதர். 1943-இல் பிடித்துப் புகன்வால்ட் வதைமுகாமில் போட்டார்கள். அங்கே இருந்தபடி வரைபடத்தை முழுமையாக்கினார், ஹிட்லருக்குப் பரிசாகக் கொடுக்கலாம் என்று முகாம் அதிகாரிகளுக்கு எண்ணம். 1945-இல் விடுதலை. 1948-இலிருந்து லிச்சென்ஸ்டைனில் தயாரிப்பு, 1972 வரை ஏறக்குறைய 1,40,000.

உள்ளே லைப்னிட்ஸ் உருளை ஒன்றே ஒன்று, நடுவில். எல்லா இலக்கமும் அதைச் சுற்றி நிற்கும். கழிக்கக் கைப்பிடியை மேலே இழுத்துச் சுற்ற வேண்டும், அப்போது உருளையின் வேறு பற்கள் மாட்டி 9-இலிருந்து குறைத்த எண்ணைக் கூட்டும். பாஸ்கல் வழியேதான். கார் ராலிகளில் வழி சொல்பவர்கள் ஓடும் காரிலேயே இதைச் சுற்றினார்கள்.

#21 சுவடிப்பிரியன்

இவ்வளவு நேர்த்தியான தொழில் எப்படி அத்தனை சீக்கிரம் செத்தது?

#22 பீஷான் பொறியாளர்

1961-இல் இங்கிலாந்தில் 'அனிடா' வந்தது, முழுக்க மின்னணு. 1964-இல் ஷார்ப். அப்போதும் விலை அதிகம், அதனால் இயந்திரக் கம்பெனிகள் அசரவில்லை. அடித்தது சில்லு (சிப்). வேடிக்கை என்னவென்றால், ஓட்னர் வகை இயந்திரம் செய்துகொண்டிருந்த ஜப்பானிய நிறுவனம் ஒன்றுதான் அதற்குக் காரணம். பின்னாளில் பிசிகாம் என்று பெயர். தன் புதிய கால்குலேட்டருக்குச் சில்லு கேட்டு இன்டெலிடம் போனது. அதிலிருந்து வந்தது 1971-இன் 4004, இன்டெலின் முதல் நுண்செயலி. 1972-இல் எச்பி-35, விலை 395 அமெரிக்க டாலர், சட்டைப் பையில் சைன் காஸ் வரை. இயந்திரக் கணிப்பான்களில் கொடிகட்டிப் பறந்த சுவீடனின் ஃபேசிட் அடுத்த வருஷமே வேறு கைக்குப் போயிற்று.

எச்பி 1970-இல் இங்கே தொழிற்சாலை தொடங்கி, அப்புறம் கையடக்கக் கணிப்பான்களையும் இங்கே செய்தது. பின்பக்கம் 'சிங்கப்பூரில் தயாரித்தது' என்று போட்ட பழைய எச்பி யாரிடமாவது இருந்தால் படம் போடுங்கள்.

#23 சிராங்கூன் அக்கா

அம்மா கம்ப்டாமீட்டரை விட்டபோது அவரைத் தட்டச்சுக்கு மாற்றினார்கள். விரல் வேகம் உதவியது என்பார். மேசைக் கால்குலேட்டரிலும் 5-க்கு மேல் போகாமல் தட்டப் பார்த்து, 4 4 என்று அழுத்தி 44 வந்ததும் திட்டுவார்.

#24 யீஷூன் மெக்கானிக்

என்னிடம் ஒரு ஃபேசிட் இருக்கிறது. நெம்பு இல்லை, பத்து விசைகள் மட்டும். பசை பிடித்து இறுகிவிட்டது. ஸ்பிரே எண்ணெய் அடிக்கலாமா?

#25 பல்சக்கரம்

அடிக்கவே அடிக்காதீர்கள்! காய்ந்ததும் இன்னும் மோசமாக ஒட்டும். இறுகியிருப்பது பழைய எண்ணெய்தான், அதை முதலில் கரைத்து எடுக்க வேண்டும். உறையைக் கழற்றி, ஒயிட் ஸ்பிரிட்டைத் தூரிகையில் தொட்டுப் பற்களைத் துடையுங்கள். காற்றோட்டமாக, அடுப்புக்குத் தூரமாக உட்காருங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு அச்சுகளில் மட்டும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. பற்களுக்கு எண்ணெய் வேண்டாம், தூசி சேரும். ஃபேசிட்டிலும் உள்ளே நீளும் பல் தகடுதான், 1932-இல் கார்ல் ருடின் அதைப் பத்து விசைக்கு மாற்றினார். ஓட்னர் கம்பெனியும் 1942-இல் அதே குழுமத்தின் கைக்குப் போயிற்று, அதனால் தேக்காவாசிக்கும் இதே வைத்தியம்தான்.

#26 யீஷூன் மெக்கானிக்

ஒயிட் ஸ்பிரிட் ஜாலான் புசார் ஹார்டுவேர் கடையில் கிடைக்குமா?

#27 பல்சக்கரம்

கிடைக்கும். சின்னப் புட்டி கேளுங்கள், பெரிய டின்னைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள்.